ஆறிய சோறும் பியூட்டிரேட்டும்

சுடச்சுட வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்குச் செரிக்காத மாவுச்சத்து சுமார் 0.6 கிராம்தான். அதையே பிரிட்ஜில் 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கினால் 1.6 கிராம் வரை ஏறுகிறது. ஆறும்போது மாவுச்சத்து இழைகள் மறுபடி நெருங்கி இறுகிவிடுவதால் நம் நொதிகளால் உடைக்க முடியாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ரூமினோகாக்கஸ் புரோமியை என்ற பாக்டீரியா முதலில் அதை உடைக்கும். சிதறும் துண்டுகளைத் தின்று வேறு பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தரும். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதம் இதிலிருந்துதான் கிடைக்கிறது!

ஆனால் ஒரு கிராம் கூடுவது சின்ன விஷயம். சோற்றை மட்டும் நம்பாமல் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வாழைக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். செரிக்காத மாவுச்சத்து கிடைக்காதபோது பாக்டீரியாக்கள் புரதத்தின் பக்கம் திரும்பும். குடலுக்கு ஆகாத அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கூடும்.

பயறை ஒரேயடியாக ஏற்றினால் வயிறு உப்பும். தினம் இரண்டு கரண்டியில் தொடங்கி, வாரம் ஒரு கரண்டி கூட்டலாம்.

சோற்றை இரவெல்லாம் அடுப்படியில் அப்படியே விட்டுவிடாதீர்கள். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடி பிரிட்ஜில் வையுங்கள்.