20 போட்டோ காலண்டர் அடிக்க எங்கே செலவாகிறது?

மாதத்துக்கு ஒரு குடும்பப் படம் வைத்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க 20 காலண்டர். இவ்வளவுதான் எனக்கு வேண்டியது. முதலில் விசாரித்த ஆஃப்செட் அச்சகத்தில் 500-க்குக் குறைவாக எடுப்பதில்லை என்றார்கள். காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார்கள். கலர் என்றால் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு. அட்டையோடு 13 பக்கம். இரண்டிரண்டு பக்கமாகச் சேர்த்து அடித்தாலும் 28 பிளேட். 20 அடித்தாலும் 500 அடித்தாலும் அந்தச் செலவு அப்படியே நிற்கும்.

சரி, டிஜிட்டல் பிரிண்டிங்தான் வழி. அதில் பிளேட்டே கிடையாது, ஒரே ஒரு பிரதி கேட்டாலும் போட்டுத் தருவார்கள். ஆனால் கூடுதலாக அடித்தால் விலை பெரிதாக இறங்கிவிடாது. அதனால் பேரம் பேசுவதை விட்டுவிட்டு, ஒரு காலண்டருக்கு எத்தனை தாள் ஓடுகிறது என்று கணக்குப் பார்த்தேன். அங்கேதான் காசு மிச்சமானது.

மனதில் இருந்தது 10 அங்குலச் சதுரம். அந்தக் கடை மெஷினில் ஓடும் தாள் 12-க்கு 18 அங்குலம். சதுரம் என்றால் தாளுக்கு ஒரு பக்கம்தான், மீதியெல்லாம் கட்டிங்கில் போய்விடும். ஏ4 என்றால் இரண்டு பக்கம் உட்காரும். 13 தாள் 7 ஆனது. பிரிண்டிங் செலவு கிட்டத்தட்ட பாதி! 14-வதாக ஓர் இடம் மிஞ்சியதில் எல்லோருடைய பிறந்தநாளையும் பட்டியலாகப் போட்டுக் கடைசிப் பக்கமாக வைத்தேன்.

முன்னும் பின்னும் அடித்தால் இன்னும் குறையுமா என்று கேட்டேன். மெஷினில் ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு, ஆகவே மிச்சமாவது காகிதச் செலவு மட்டும்தான். ஒருபக்கமாகவே விட்டுவிட்டேன். தாள்களைக் கம்பி வளையத்தில் கோக்கும் வைரோ பைண்டிங்குக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. லேமினேஷன் அட்டைக்கு மட்டும் போதும். உள்ளே போட்டால் வீண் செலவு, தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதவும் முடியாது.

படங்களைச் சேர்ப்பதில் கவனமாக இருங்கள். ஏ4 முழுக்கத் தெளிவாக வர 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியவை நீளவாக்கில் 1600 பிக்சல்தான் இருந்தன. அதே படங்களை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன், முழு அளவில் வந்தன.

அப்புறம், மொத்தமாக அடிக்கும் முன் ஒரு பிரதி மட்டும் எடுத்துப் பார்த்தேன். திரையில் பளிச்சென்று இருந்த மாலை நேரப் படங்கள் தாளில் இருண்டு, முகமே தெரியவில்லை. அவற்றை மட்டும் வெளிச்சம் கூட்டிக் கொடுத்த பிறகுதான் மீதியை அடிக்கச் சொன்னேன். அந்த ஒரு பிரதிக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். அது கொடுக்க வேண்டிய காசுதான்.