பவனாயி விழுந்த டவரும் நிஜ கேப்டனும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பொண்ண கூட்டிக்கிட்டு அண்ணா நகர் டவர் பார்க் போயிருந்தேன். ஆபீஸ் மலையாளி ஃப்ரெண்டு ஒருத்தனும் கூட வந்தான். அந்த சுத்துப் பாதைல மூச்சு வாங்க ஏறி மேல போனா பயபுள்ள வ்யூ எதையும் பாக்கல, கம்பி வழியா கீழ எட்டிப் பாத்துட்டு "எடா, இவிடயாணு பவனாயி வீணது" (டேய், இங்கதான் பவனாயி விழுந்தான்)ன்னு கோயில் சன்னதில நிக்கற மாதிரி சொல்றான். 135 அடி உசரம், 1968ல வர்த்தகக் கண்காட்சிக்காக கட்டின டவர், பன்னெண்டு வருஷம் மேல ஏற விடாம பூட்டி வச்சிருந்து 2023லதான் திரும்ப தொறந்தாங்க. ஆனா மலையாளிகளுக்கு இது 'நாடோடிக்காற்று' படத்துல பவனாயிங்கற வில்லன் செத்த எடம், அவ்ளோதான்.

பவனாயியா நடிச்சவர் கேப்டன் ராஜு. நானும் ரொம்ப நாளா இந்த 'கேப்டன்' ஏதோ பட டைட்டில்லேர்ந்து வந்ததுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். என் மேல தப்பு இல்லங்க, நம்ம ஊர்ல மேஜர் சந்திரகாந்த்ல நடிச்சு மேஜர் சுந்தர்ராஜன், கேப்டன் பிரபாகரன்ல நடிச்சு கேப்டன் விஜயகாந்த், அப்ப இவரும் அப்படித்தான இருக்கணும்? இல்லயாம். மனுஷன் நெஜமாவே இந்திய ராணுவத்துல ஆபீசர்.

பத்தனம்திட்டை பக்கத்துல ஓமல்லூர்தான் சொந்த ஊர், 1950ல பொறந்தவர். அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சர். விலங்கியல் டிகிரி முடிச்சுட்டு 21 வயசுல ராணுவத்துல சேந்துட்டார். அங்கேர்ந்து வெளிய வந்ததும் பம்பாய்ல ஒரு ஸ்டார்ச் கம்பெனில வேல, சாயங்காலம் ஆனா அமெச்சூர் நாடகம். அப்படியே சினிமா. 1981ல ஜோஷி டைரக்ட் பண்ண 'ரக்தம்' மொதல் படம். ஓங்குதாங்கான ஆளு, கம்பீரமான நடை, வேற என்ன குடுப்பாங்க, வில்லன் ரோல்தான். தமிழ், தெலுங்கு, இந்தின்னு எல்லாத்துலயும் அடி வாங்கியிருக்கார்.

1987ல சத்யன் அந்திக்காடு டைரக்ட் பண்ண 'நாடோடிக்காற்று' வருது, ஸ்ரீநிவாசன் எழுதினது. துபாய்க்கு போறோம்னு தோணி ஏறி மெட்ராஸ்ல வந்து எறங்கற ரெண்டு வேலயில்லாத பசங்க கத. (இததான் மறு வருஷமே பாண்டியராஜனும் எஸ்.வி.சேகரும் 'கதாநாயகன்'னு தமிழ்ல பண்ணாங்க.) இந்த ரெண்டு பேரையும் சி.ஐ.டி.ன்னு தப்பா நெனச்சு, போட்டுத் தள்றதுக்கு கடத்தல்காரன் நம்பியார் ஒரு இன்டர்நேஷனல் கொலகாரன வரவழைக்கிறான். பேரு பவனாயி. பி.வி.நாராயணன்கற பேர்தான் ஸ்டைலா பவனாயின்னு ஆயிருக்கு, அதக் கேட்டப்பவே எனக்கு சிரிப்பு தாங்கல.

அந்த இன்ட்ரோ சீன ஒருதடவ பாருங்க. பெட்டிய தொறந்து எதால கொல்லட்டும்னு மலப்புறம் கத்தி, மெஷின் கன், பாம்னு கட விரிக்கறார். மொகத்துல ஒரு பொட்டு சிரிப்பு கெடயாது. வேற யாராவது பண்ணியிருந்தா 'நான் காமெடி பண்றேன் பாரு'ன்னு புருவத்தையாவது தூக்கியிருப்பாங்க, இவர் ஏதோ பரேடுக்கு ரெடியாகற மாதிரி அவ்ளோ சீரியஸா நிக்கறார், நின்னுட்டு ஒரு வேலையும் உருப்படியா பண்ணாம கடைசில டவர்லேர்ந்து விழுந்து செத்துப் போறார். காசு குடுத்த நம்பியாரா வர்ற திலகன் கடுப்புல அந்த ஆயுத லிஸ்ட்ட திரும்ப ஒப்பிச்சுட்டு 'பவனாயி சவமாயி'ன்னு முடிப்பார். இன்னிக்கும் எதாவது பெரிய பில்டப் குடுத்து புஸ்ஸுன்னு போச்சுன்னா என் ஃப்ரெண்டு வாய்ல அந்த ரெண்டு வார்த்ததான் வரும், ஆபீஸ்ல எங்க ரிலீஸ் ஊத்திக்கிட்டப்ப கூட வந்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா, நெஜமா துப்பாக்கி புடிச்ச ஆளு, குறி தப்பற கொலகாரனா நடிக்க கொஞ்சம் கூட கூச்சப்படல. மறு வருஷமே 'ஆகஸ்ட் 1'ல முதலமைச்சர கொல்ல வர்ற கூலிக் கொலகாரனா வர்றார், அதே ஒடம்பு, அதே சிரிக்காத மொகம், இந்த தடவ வயித்துல புளியக் கரைக்குது. 1989ல 'ஒரு வடக்கன் வீரகாத'ல அரிங்கோடர். எம்.டி.வாசுதேவன் நாயர் எழுத்து, மம்முட்டி ஹீரோ, ஆனாலும் அங்கத்தட்டுல, அதாவது சண்ட மேடைல, வாளோட நிக்கற அந்தக் கெழட்டு வீரன்தான் எனக்கு மனசுல நின்னார். அப்புறம் 'சி.ஐ.டி. மூசா'ல கருணன் சந்தக்கவலன்னு ஒரு டுபாக்கூர் டிடெக்டிவ், மறுபடி காமெடி!

டைரக்‌ஷனும் பண்ணியிருக்கார். 1997ல 'இதா ஒரு ஸ்நேககாத', ஹீரோ யாருன்னு நெனக்கிறீங்க? நம்ம விக்ரம், சேதுவுக்கு முன்னாடி. 2012ல 'மிஸ்டர் பவனாயி 99.99'னு பவனாயிய திரும்ப எழுப்பி அவரே நடிச்சு டைரக்ட் பண்ணார். செத்த கேரக்டர எழுப்பலாமான்னு லாஜிக் கேக்காதீங்க, எனக்கும் அது வேண்டாத வேலன்னுதான் தோணுச்சு, ஆனா 25 வருஷம் கழிச்சும் அவருக்கே அந்தாள விட மனசில்ல பாருங்க.

2018 ஜூன்ல அமெரிக்கா போற ஃப்ளைட்ல பக்கவாதம் வந்து மஸ்கட்ல எறக்குனாங்க. அங்க வைத்தியம் பாத்து கொச்சிக்கு கூட்டிட்டு வந்தாங்க. செப்டம்பர் 17 போயிட்டார், 68 வயசு.

டவர்லேர்ந்து எறங்கி பெஞ்ச்ல உக்காந்து ஃப்ரெண்டு ஃபோன்ல அந்த சீன போட்டான். பொண்ணுக்கு மலையாளம் ஒரு வார்த்த தெரியாது, பெட்டி தொறக்கறப்பவே சிரிக்க ஆரம்பிச்சுட்டா. முடிஞ்சதும் அண்ணாந்து டவரப் பாத்துட்டு "அந்த மாமாவுக்கு நெஜமா அடி பட்டுச்சாப்பா?"ன்னு கேட்டா. இல்லடா, அவரு மிலிட்டரின்னேன்.