டீக்கடை போஸ்டரும் சேப்பல் ஹில்லும்
எங்கள் தெரு டீக்கடையில் காலையில் ஒரே பேப்பர் நாலு கைக்குப் பிரிந்து போகும், சினிமாப் பக்கம் ஒருத்தரிடம், நடுப்பக்கம் இன்னொருத்தரிடம், ஆனால் பேச்சு மட்டும் வாசலில் தொங்கும் போஸ்டரின் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

1968 அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு பேராசிரியர்கள் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். செய்திகள் எதைப் பெரிதாகப் போட்டனவோ கிட்டத்தட்ட அதே வரிசையில் பதில் வந்தது. (செய்தியைப் பார்த்து மக்கள் சொன்னார்களா, மக்களைப் பார்த்து செய்தி போட்டார்களா என்ற கேள்வி அதிலேயே தீரவில்லை, அது வேறு.)

சரி, போன வாரம் எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. போஸ்டரில் ஒரு நடிகரின் விவாகரத்து. டீக்கடையிலும் அதேதான், நான் உட்பட.