பெடல் ஸ்டீலுக்கு ஆம்ப் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது வலது காலை

ராக் கிட்டார் வாசிப்பவருக்கு ஆம்ப் கொஞ்சம் திணற வேண்டும். ட்யூப் (வெற்றிடக் குழாய்) மூச்சு வாங்கி ஒலி கரகரத்தால்தான் அவருக்குத் திருப்தி. பெடல் ஸ்டீலில் (கம்பிகள் மேல் உலோகப் பாரை நகர்த்தி, பெடல்களால் சுரம் மாற்றி வாசிக்கும் கிட்டார்) கதை தலைகீழ். கரகரப்பு துளியும் எட்டிப் பார்க்கக் கூடாது. கிட்டார் ஆம்ப் மதிப்புரைகளை வைத்து ஸ்டீலுக்கு ஆம்ப் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

காரணம் வால்யூம் பெடல். கம்பியை மீட்டும்போது வலது கால் பெடலைப் பாதியளவில்தான் வைத்திருக்கும். ஒலி தேயத் தேய, கால் மெல்ல அழுத்தி அந்தத் தேய்வை ஈடுகட்டும். அந்த முடிவில்லாத நீட்டம் அப்படித்தான் பிறக்கிறது. அதாவது சாதாரணமாக வாசிக்கும் அளவுக்கு மேல் இன்னொரு 15 டெசிபெல் ஆம்ப்பின் கையிருப்பில் இருக்க வேண்டும். 15 டெசிபெல் என்றால் சுமார் 30 மடங்கு திறன். சாதாரண வாசிப்புக்கு 6 வாட் செலவானால், பெடல் முழுக்க இறங்கும்போது 190 வாட் கேட்கும். ஸ்டீல்காரர்கள் 200 வாட் ஆம்ப் தூக்கிக்கொண்டு அலைவது காதைக் கிழிக்க அல்ல.

கையிருப்பு தீர்ந்தால் என்ன ஆகும்? வெறும் கரகரப்போடு போகாது. இ9 என்ற சுருதி அமைப்பில் 4-வது கம்பி இ, 330 ஹெர்ட்ஸ். 5-வது கம்பி பி, 247 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஆம்ப் திணறி ஒலி முறிந்தால், இரண்டின் வித்தியாசமான 83 ஹெர்ட்ஸில் யாரும் வாசிக்காத ஒரு தாழ்சுரம் எழும். அது கீழ் இ என்பதால் பெரும்பாலும் காதுக்கு உறுத்தாது. இப்போது ஏ பெடலை (சுரத்தை உயர்த்தும் பெடல்களில் ஒன்று) மிதியுங்கள். 5-வது கம்பி சி ஷார்ப்புக்கு, 277-க்கு ஏறுகிறது; வித்தியாசம் 52-ஆகச் சுருங்குகிறது. மேலே சுரம் ஏற, அடியில் அந்தப் பேய்ச்சுரம் இறங்குகிறது! ராக் கிட்டாரின் பவர் கார்டில் (ஒரு சுரமும் அதன் பஞ்சமமும்) டிஸ்டார்ஷன் இனிக்கும். ஸ்டீலில் அதே டிஸ்டார்ஷன் சேறாகக் கலங்குவது இதனால்தான். எந்த ஆம்ப்பையும் சோதிக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை: 4, 5 கம்பிகள், வால்யூம் பெடல் முழுக்க, ஏ பெடலை மெதுவாக மிதித்து அடியில் ஏதாவது நகர்கிறதா என்று கேளுங்கள்.

ட்யூப் பக்கத்தில் அளவுகோல் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப். 1963-இல் வந்தது, நான்கு 6எல்6 ட்யூப், 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், 29 கிலோவை ஒட்டிய எடை. 1970-களில் மாஸ்டர் வால்யூமோடு வந்தவற்றையும், பிறகு 135 வாட்டுக்கு ஏற்றப்பட்டவற்றையும் ராக் கிட்டார்காரர்கள் மட்டமாகப் பேசுவார்கள். எளிதில் முறிவதில்லை என்பது அவர்கள் புகார். நமக்கு அதுதான் தகுதி. விலையும் பழைய கறுப்பு முகப்பு ட்வினைவிடக் குறைவு. அதே குடும்பத்தில் ஒற்றை 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரோடு வந்த வைப்ரோசானிக் ரிவர்ப் கிடைத்தால், முதுகு தாங்குமா என்று மட்டும் யோசித்துக்கொண்டு வாங்கலாம்.

ட்வினில் ஸ்டீல் செருகும்போது பிரைட் சுவிட்சை முதலில் அணைத்துவிடுங்கள். அது வால்யூம் குமிழுக்குக் குறுக்கே நிற்கும் ஒரு சின்னக் கெபாசிட்டர். குமிழ் தாழ்ந்திருக்கும்போதுதான் அதிகம் கூர்மையூட்டும். அடுத்தது இன்புட். ஸ்டீல் பிக்கப்கள் தடித்த சுற்று கொண்டவை. சாதாரண ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் 6 கிலோ ஓம் இருக்கும் இடத்தில் இங்கே 17, 18 கிலோ ஓம் சர்வசாதாரணம். அந்த வோல்டேஜ் முதல் ட்யூபையே நிரப்பிவிடும். அடையாளம் காண்பது எளிது: ஆம்ப்பின் வால்யூமைக் குறைத்தும் மீட்டும் கணத்தில் கரகரப்பு குறையவில்லை, பெடலைப் பின்வாங்கினால் குறைகிறது என்றால் குற்றவாளி முதல் கட்டம்தான். இரண்டாம் இன்புட்டில் செருகினால் சிக்னல் பாதியாகும், 6 டெசிபெல் இறங்கும். ஆனால் அந்த இன்புட்டின் மின்மறுப்பு 136 கிலோ ஓம்தான் (முதலாவதில் 1 மெகா ஓம்). பொட் (மாறுதடை) வைத்த சாதாரண வால்யூம் பெடலோடு சேர்ந்தால் ஒலி மங்கும். பஃபர் (சிக்னல் மங்காமல் காக்கும் சுற்று) உள்ள பெடலோ, ஒளியால் இயங்கும் ஆப்டிகல் பெடலோ இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் முதல் 12ஏஎக்ஸ்7 ட்யூபை எடுத்துவிட்டு 5751 போடுங்கள். அடியிலுள்ள ஊசிமுனைகளின் அமைப்பு ஒன்றே, பெருக்கம் 100-க்குப் பதில் 70.

ட்ரான்சிஸ்டர் பக்கம் போனால் மிசிசிப்பி மாநிலம் மெரிடியனின் பீவி நிறுவனம்தான் பல பத்தாண்டுகளுக்கு ஸ்டீல்காரர்களின் பொது முகவரி. 1970-களில் செஷன் 400, 80-களில் நாஷ்வில் 400. இரண்டாவது 4 ஓமில் 210 வாட், 15 அங்குல பிளாக் விடோ ஸ்பீக்கர். இதன் சிறப்பு வாட்டில் மட்டும் இல்லை. ‘மிட்’ குமிழோடு அது எந்த அதிர்வெண்ணில் வேலை செய்ய வேண்டும் என்று நகர்த்தும் ‘ஷிஃப்ட்’ குமிழும் உண்டு. ஷிஃப்டை 800 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய் மிட்டை நன்றாகக் குறைப்பது வழக்கம். ஏன் 800? 3-வது கம்பி ஜி ஷார்ப், 415 ஹெர்ட்ஸ். 12-வது ஃப்ரெட்டில் அது 830 ஆகிறது. பாரை அதற்கு மேல் நகர்த்தும்போது கேட்கும் அந்த மூக்கடைத்த குரல் இந்தப் பட்டையில்தான் குடியிருக்கிறது.

பழைய நாஷ்வில் 400 வாங்கினால் பின்பக்கப் பேட்ச் ஜாக்குகளை (ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன்) பாருங்கள். உள்ளே இருக்கும் சுவிட்சுத் தொடுமுனைகள் கறுத்துப்போய் ஒலி விட்டுவிட்டு வரும். பலர் பவர் ஆம்ப் போய்விட்டது என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். அவுட்டுக்கும் இன்னுக்கும் ஒரு குட்டை கேபிளைச் செருகிப் பாருங்கள். ஒலி சீரானால் கான்டாக்ட் கிளீனர் அடித்து பிளக்கைப் பத்து முறை செருகி எடுத்தால் முடிந்தது. எதுவும் வாசிக்காதபோதே ஹம் பெரிதாக இருந்தால் பவர் சப்ளையின் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். ஸ்பீக்கர் எரிந்திருந்தாலும் பயம் வேண்டாம். பிளாக் விடோவில் காந்தத்தை விட்டுவிட்டு, திருகுகளைக் கழற்றி, கூடையை (கூம்பும் சுருளும் சேர்ந்த சட்டகம்) மட்டும் மாற்றலாம்.

நாஷ்வில் 112 அதன் சிறிய தம்பி. 80 வாட், 12 அங்குலம், சுமார் 20 கிலோ. வீட்டுக்கும் சிறிய அரங்குக்கும் போதும். டிரம்ஸோடு சி6 கழுத்து (தாழ்சுரங்கள் கொண்ட இன்னொரு சுருதி அமைப்பு) வாசிப்பவருக்குப் போதாது. 10-வது கம்பியின் சி 65 ஹெர்ட்ஸ், அங்கே 15 அங்குல ஸ்பீக்கரின் வித்தியாசம் மறைக்க முடியாதது.

இன்றைய நிலையில் புதிதாக வாங்குபவருக்கு என் வாக்கு எடை குறைந்த கிளாஸ் டி ஹெட்டுக்கும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) தனி ஸ்பீக்கர் கேபினட்டுக்கும்தான். குவில்டர், மில்க்மேன் இரண்டும் ஸ்டீல்காரர்களை மனதில் வைத்துச் செய்பவை. மில்க்மேனில் முன்கட்டத்தில் உண்மையான ட்யூப். மிச்சமாகும் பணத்தையும் முதுகையும் ஸ்பீக்கரில் போடுங்கள். எமினென்ஸ் இபிஎஸ்-15சி பெடல் ஸ்டீலுக்கென்றே வடிவமைத்தது. ஒரு ஸ்பீக்கரின் உணர்திறன் இன்னொன்றைவிட 3 டெசிபெல் கூடுதல் என்றால், அது ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம்.

ஓம் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 4 ஓமுக்கு 200 வாட் தரும் ட்ரான்சிஸ்டர் ஆம்ப் 8 ஓமில் ஏறக்குறைய பாதிதான் தரும். 4 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 4 ஓமை இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகி அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் போகலாம். ட்யூப் ஆம்ப்பில் ஆபத்து வேறு பக்கம்: ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்ப் வரவழைப்பவர்கள் பின்பக்க லேபிளில் உள்ள வாட்டைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் எடுங்கள்.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிட உட்காரும்போது ஒலியளவை 1 டெசிபெலுக்குள் சமப்படுத்துங்கள்; மொபைல் ஆப் போதும். உரத்ததே நல்லதாகத் தோன்றுவது காதின் இயல்பு. இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். கேபிளையும் மாற்றாதீர்கள். 500 கிலோ ஓம் பொட் வைத்த பெடல் மின்னளவில் நடுவில் நிற்கும்போது அதன் மூலத்தடை 125 கிலோ ஓம். அதற்குப் பிறகு 5 மீட்டர் கேபிள், மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தால், 2,500 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபெல் சரிந்துவிடும். அதே கேபிள் ஒன்றரை மீட்டராக இருந்தால் அந்தச் சரிவு 8,500-க்குத் தள்ளிப்போகும். ‘மந்தமான ஆம்ப்’ என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ ஆம்ப்களின் மந்தம் அந்த மூன்றரை மீட்டர் கேபிளில்தான் இருக்கிறது. ஆம்ப்பைப் பக்கத்தில் இழுத்து வையுங்கள், அல்லது பெடலுக்குப் பின்னால் ஒரு பஃபர் போடுங்கள். அதன் பிறகு கேட்டுப் பார்த்து விலை பேசுங்கள்.