முட்டி வலியும் கொழுப்பும்: தண்டையார்பேட்டை நாட்குறிப்பு

ஏப்ரல் 10

முட்டி வலி என்று என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் பெண்கள் அநேகமாக எல்லோருக்கும் யாராவது ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: “உடம்பைக் குறைங்க, தானா சரியாயிடும்.” இன்று வந்த காசிமேட்டு அக்காவுக்கும் அதே வார்த்தைதான் கிடைத்திருக்கிறது. ஐம்பது தாண்டியவர், மாதவிடாய் நின்று சில வருடம் ஆகிறது. விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, மதியம் வரை தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து வெட்டிக் கொடுக்கிறார்.

“வெயிட்டு முட்டி மேலதானே இருக்குது? அப்ப விரல் கணு ஏன் வீங்குது? கையாலயா நடக்கறேன்?” என்று கேட்டார்.

ஆராய்ச்சியாளர்களையும் யோசிக்க வைத்த கேள்வி இது. உடல் பருமன் இருப்பவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானமும் கூடுதலாக வருகிறது. விரல் உடம்பைத் தாங்குவதில்லை. மீன் வெட்டும் கைக்கு வேலைப்பளுவும் ஒரு காரணம்தான். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை.

ஏப்ரல் 13

அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன்.

கொழுப்பு சும்மா சேர்ந்து கிடக்கும் மூட்டை இல்லை. தைராய்டு போல அதுவும் ஹார்மோன் சுரக்கிறது. அப்படிச் சுரப்பவற்றுக்கு அடிபோகைன் என்று பொதுப் பெயர். 1994-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்த பிறகுதான் கொழுப்பைப் பற்றிய பார்வையே மாறியது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது லெப்டினின் வேலை. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடும். நாள் முழுக்க ஒலிபெருக்கி அலறும் தெருவில் குடியிருப்பவர் காதில் அது விழாமல் போவது போல, மூளை ஒரு கட்டத்தில் அதைக் கேட்பதை விட்டுவிடும். பசி அடங்காது.

மூட்டிலும் லெப்டினுக்கு வேலை உண்டு. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பின் செல்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. லெப்டின் மிகுந்தால் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளும் அழற்சியை (வீக்கம், வலி, சூடு) தூண்டும் பொருள்களும் கூடுகின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலேயே லெப்டின் இருக்கிறது. முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் சின்னக் கொழுப்புத் திண்டும் தன் பங்குக்கு இவற்றைச் சுரக்கிறது.

பெண்களுக்கு இதில் ஒரு கூடுதல் பங்கு. ஒரே உயரம், ஒரே எடை உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்தால் பெண்ணின் ரத்தத்தில்தான் லெப்டின் அதிகம்.

ஏப்ரல் 16

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. ஃபைபர் படகில் வருவதை மட்டும் நம்பி வியாபாரம். “முட்டிக்கு ரெஸ்ட்டு, வயித்துக்கும் ரெஸ்ட்டு” என்றார் அக்கா. கேட்கக் கஷ்டமாக இருந்தது. கிளினிக்குக்கு வர பஸ் காசு போகாமல், வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சியாக மாற்றிக் கொடுத்தேன்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி நிறுத்துவது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது.

மே 5

கத்திரி வெயில். நடக்கச் சொல்வதென்றால் விடிவதற்கு முன்புதான். ராயபுரம் ராபின்சன் பூங்கா பக்கம் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

இன்று பழைய வண்ணாரப்பேட்டை அம்மா ஒருவர் எக்ஸ்ரே கொண்டுவந்தார். தேய்மானம் கொஞ்சம்தான். வலியோ படி இறங்க முடியாத அளவு. வேறோர் இடத்தில், “இதுக்கா இவ்வளவு அழறீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. 1957-லிருந்து எக்ஸ்ரேயை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறை இருக்கிறது. ஆனால் அந்தத் தரமும் வலியும் ஒன்றாகவே ஏறி இறங்குவதில்லை என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். குருத்தெலும்பில் வலி நரம்பே கிடையாது. மூட்டின் உள்சவ்விலும் எலும்பிலும் அந்தக் கொழுப்புத் திண்டிலும்தான் வலி கிளம்புகிறது. ஆக, அழற்சியைத் தூண்டும் கொழுப்பு ஹார்மோன்களை வலியோடும் விறைப்போடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயமான தேடல். லெப்டின் கூடுதலாக உள்ள பெண்களுக்கு வலியும் கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடிபோனெக்டின் என்ற இன்னொன்றின் விஷயம் நேராக இல்லை: பருமன் கூடினால் அது குறையும், ஆனால் மூட்டுக்கு அது நல்லதா கெட்டதா என்பதில் முடிவுகள் முரண்படுகின்றன. ஹார்மோனும் வலியும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதாலேயே ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது: “உங்க வலி நிஜம்மா.”

மே 21

“நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு முட்டி வலி?” என்று கொருக்குப்பேட்டையிலிருந்து வந்தவர் கேட்டார். கை கால் ஒல்லிதான், வயிறு இல்லை. நம் மக்களுக்கு அதே பி.எம்.ஐ.-யில் (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) வெள்ளையர்களைவிடக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில். அதனால்தான் இங்கே 23-லேயே எடை கூடுதல், 25-லேயே பருமன் என்று கணக்கிடுகிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எடை மெஷினைவிட டேப்பை நான் அதிகம் நம்புகிறேன்.

அவர் மகள், லெப்டின் டெஸ்ட் எடுக்கலாமா என்றாள். வேண்டாம் என்றேன். அது ஆராய்ச்சிக்கு உதவுகிறது. அந்த எண்ணை வைத்து முட்டிக்குச் சிகிச்சை முடிவு செய்வதில்லை. அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கச் சொன்னேன்.

அப்புறம் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிக் கேட்டாள். செமாக்ளூடைடு என்ற அந்த ஊசி மருந்தை முட்டித் தேய்மானத்துக்குச் சோதித்த முடிவு 2024-ல் வெளிவந்தது. பருமன் உள்ளவர்கள், பெரும்பாலும் பெண்கள், 68 வாரம். நூறு புள்ளி வலி அளவில் மருந்து எடுத்தவர்களுக்கு சுமார் 42 புள்ளி குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கும் சுமார் 27 குறைந்தது. இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. மருந்து பலனளிக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்த 27-ஐயும் பாருங்கள் என்றேன். ஊசி போட்டோம் என்ற நம்பிக்கைக்கும் அதில் பங்கு இருக்கும். இருந்தாலும் அதை உதறிவிட மாட்டேன்.

ஜூன் 11

காசிமேட்டு அக்கா வந்தார். எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார். தொடைத் தசை பலப்பட்டால் எடை குறைவதற்கு முன்பே வலி குறையும். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். எடையும் ஒரு கிலோ குறைந்தால்கூட ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறையும். கூடவே லெப்டினும் இறங்கும். இரண்டு பக்கமும் லாபம். அதைச் சொன்னபோது இந்தத் தடவை தலையாட்டிக் கேட்டார்.

நாலு நாளில் கடல் திறக்கிறது. பலகையில் உட்கார வேண்டாம், உயர ஸ்டூல் போட்டு மேசைமேல் வெட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மேசைக்கு இடம் கிடைக்குமா என்று பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் பேச வேண்டுமாம். அடுத்த வாரம் நானும் மார்க்கெட்டுக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.