மனுவல் கியர் சுவிஃப்ட் ஸ்போர்ட் ஒண்டை வன்னிக்குக் கொண்டுவந்த கதை

2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து அஞ்சு வருசம் காத்துக்கொண்டிருந்தனான். 2025 மாசியில திரும்பத் திறந்தவுடன வவுனியாவுக்கு வெளிக்கிட்டன். எனக்குத் தேவை ஒண்டுதான், சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட், ஆறு கியர், மனுவல், அதாவது கிளச் மிதிச்சு கையால கியர் மாத்துறது. மூண்டு கார் சேல் ஏறி இறங்கினன், மூண்டிலயும் நிண்டது ரைஸ், வெசல், யாரிஸ் குறொஸ், எல்லாம் வெள்ளை இல்லாட்டி கறுப்பு, எல்லாம் ஓட்டோ கியர். முதல் ரெண்டு இடத்திலயும் "மனுவலோ, அதை ஆர் தம்பி வாங்கிறது" எண்டதோட கதை முடிஞ்சுது.

ஏன் மனுவலில நிண்டனான் எண்டா, நான் கார் எண்டு முதல் பாத்ததே அப்பாட ஒஸ்டின் ஏ40. பெற்றோல் தடை இருந்த காலம், ஒரு மூடியளவு பெற்றோலை காபரேட்டருக்குள்ள விட்டு ஸ்டார்ட் பண்ணி பிறகு மண்ணெண்ணெயில மாத்தி ஓடுவார். நான் பக்கத்தில இருந்து அவற்ற கால் கிளச்சில இருந்து எழும்புறதையே பாத்துக்கொண்டிருப்பன். அந்தக் கால் சொல்லுறதைக் கேட்டுத்தான் கார் நகரும். அது எனக்குள்ள இண்டைக்கும் இருக்கு.

மூண்டாவது இடத்து அண்ணை மட்டும் தேத்தண்ணி தந்து இருத்தி வைச்சுக் கதைச்சார். வாகனம் எடுக்கப் போற ஆக்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டிய கதை அது. "தம்பி, முற்றத்தில நிக்கிற ஒவ்வொரு காரும் வங்கிக் காசு. எல்சி, அதுதான் இறக்குமதிக்கு வங்கி குடுக்கிற கடன் உறுதிக் கடிதம், திறந்த நாளில இருந்து வட்டி ஓடுது. வரி இஞ்சின் சிசிக்கும் கார் விலைக்கும்தான், கியருக்கு இல்ல, மனுவல் எண்டு கஸ்டம்ஸில ஒரு சதம் குறைக்க மாட்டாங்கள். அப்ப ஒரே அளவு காசைப் போட்டு, பத்துப் பேர் கேக்கிறதை எடுப்பனோ ஒருத்தர் கேக்கிறதை எடுப்பனோ?" எண்டு கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

பிறகு ஆர் ஆர் வாங்கினம் எண்டு விரல் மடிச்சுச் சொன்னார். வீட்டில மனுசியும் பிள்ளையளும் ஓடவேணும் எண்டு வாறவை ஓட்டோதான். வெளிநாட்டில இருந்து காசு அனுப்புறவையும் ஓட்டோதான், அதில கனடாக்காரர் அங்கயே ஓட்டோவில பழகினவை, சுவிஸ்காரருக்கு மனுவல் தெரியும் எண்டாலும் அங்க வலது கையால கியர் போட்டுப் பழகினதால இஞ்ச வந்து இடது கையால போடேக்க தடுமாறுது. எங்கட பெரியண்ணாவும் சுவிஸிலதான், லீவில வந்து என்ர பழைய வானை ஓடேக்க கியருக்குப் பதிலா கதவைப் பிடிச்சதை நானே பாத்தனான். அதோட லீசிங் கொம்பனியும் தெரியாத மொடலுக்கு மதிப்பைக் குறைச்சுத்தான் போடும் எண்டார், அதால வாங்கிறவர் கையில இருந்து கூடக் காசு போடவேண்டி வரும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இது இன்னும் கஷ்டம், ஏனெண்டா அதை விரும்புறவன் ஒருத்தன், அதை வாங்கக் காசு இருக்கிறவன் இன்னொருத்தன். காரைச் செய்யிற கொம்பனிகளுக்கும் இந்த இழுபறி இருக்கு. போர்ஷே 2013ல 911 ஜீடி3யை ஓட்டோ கியரோட மட்டும்தான் விட்டது, 2017ல மனுவலைத் திரும்பக் குடுத்தது. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் 2020ல மனுவலா வந்து, 2024ல எட்டுக் கியர் ஓட்டோவும் சேத்துக்கொண்டுது.

ஒப்ஷன் விசயத்தில அவர் சொன்னது எனக்குப் புதுசு. முற்றத்தில வைச்சு விக்கிற காருக்கு கண்ணுக்குத் தெரியிற சாமான் இருக்கவேணுமாம். "ஆள் உள்ள ஏறினவுடன முதல் தொடுறது ஸ்கிரீனை, சஸ்பென்ஷனை இல்லை" எண்டார். அதால கமரா, அலோய் வீல், எல்ஈடி லைற் உள்ளதாப் பாத்து எடுப்பாராம். நான் ஓடப்போறவன், எனக்குக் கணக்கு வேற. சுத்திவரப் பாக்கிற கமரா எனக்கும் வேணும், எங்கட ஒழுங்கை ஒடுக்கம், ரெண்டு பக்கமும் கதியால். ஜப்பான் நவிகேஷன் வேண்டாம், இஞ்ச வேலை செய்யாது. அந்த ரேடியோவும் 95 மெகாஹேர்ட்ஸோட நிண்டிடும், எங்கட நிலையங்கள் அரைவாசிக்கு மேல அதுக்கு அங்கால. முன்னால ஏதும் நிண்டா தானாப் பிரேக் பிடிக்கிற சென்சர்தான் என்னை நிறைய யோசிக்க வைச்சது. அதின்ர கமரா முன் கண்ணாடியில இருக்கு, பரந்தன் முல்லைத்தீவு றோட்டில மணல் டிப்பருக்குப் பின்னால போனா கல்லு வந்து அடிக்கும், கண்ணாடி மாத்தினா கமராவையும் திரும்ப சரிப்படுத்தவேணும். ஆனாலும் இரவில மாங்குளம் பக்கம் மாடு படுத்திருக்கிறதை நினைச்சு அது இருக்கட்டும் எண்டிட்டன்.

அவர் ரெண்டு கேள்வி கேட்டார், ரெண்டும் நியாயமான கேள்வி. இந்தக் காருக்கு நிலத்தில இருந்து 12 சென்ரிமீற்றர்தான் உயரம், உம்மட தருமபுரத்துக் கிரவல் றோட்டில போகுமோ? 195/45 ஆர்17 ரயரை கிளிநொச்சியில எந்தக் கடையில எடுப்பீர்? ரயருக்கு கொழும்புக்குத்தான் சொல்லவேணும் எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா பரந்தனில நானே உழவு மெசின் சாமான் கடை வைச்சிருக்கிறன், ஓடாத சாமானை அடுக்கி வைச்சா என்ன நடக்கும் எண்டதும் தெரியும்.

கடைசியில எடுத்துத் தாறன் எண்டார், ஆனா அட்வான்ஸ் எண்டு வரேக்க ஓட்டோவுக்கு வாங்கிறதைப் போல ரெண்டு மடங்கு கேட்டார். எனக்குக் கோவம் வந்திட்டுது, எழும்பி வந்திட்டன். ஓமந்தை தாண்டேக்க யோசிச்சன், நான் இடையில விட்டிட்டுப் போனா அந்தக் கார் அவற்ற முற்றத்திலதான் நிக்கும், வட்டியும் அவருக்குத்தான். அடுத்த நாள் காசோட போனன். நிறத்தில நான் இறங்கி வந்தன், மஞ்சளை விட்டு வெள்ளைக்கு ஓம் எண்டன், அதுக்கு அவர் அட்வான்ஸில கொஞ்சம் குறைச்சார். கியரில மட்டும் இறங்க மாட்டன் எண்டு முதலே சொல்லிப்போட்டன்.

ஜப்பானில பாவிச்ச காரை ஏலம் விடுற ஓக்சனில அவர் எனக்காகக் கேட்டு ரெண்டு தரம் தோத்தம். அங்கயும் இந்தக் காரை மனுவலில தேடி வாங்கிற ஆக்கள் இருக்கினம், விலை எங்கட கணக்கைத் தாண்டிப் போட்டுது. மூண்டாவது காரின்ர ஷீட், அதாவது காரின்ர நிலையை ஓக்சன்காரர் எழுதிற தாள், இரவு பத்து மணிக்கு வாட்சப்பில வந்தது. கியர்ப் பெட்டியில எஃப்6 எண்டு போட்டிருந்தது, அது ஆறு கியர் மனுவல், ஓட்டோ எண்டா எஃப்ஏடி எண்டு இருக்கும். தரம் 4.5, உள்பக்கம் பி, எண்டா நல்ல நிலையில இருக்கு. கார்ப் படத்தில பின் பம்பரில ஏ1, அது சின்னக் கீறல். இடது கதவில யு1, சின்ன நெளிவு. டபிள்யூ எண்டோ எக்ஸ்எக்ஸ் எண்டோ ஒரு இடத்திலயும் இல்லை. டபிள்யூ இருந்தா தட்டி பெயின்ற் அடிச்சது, எக்ஸ்எக்ஸ் எண்டா அந்தப் பாகமே மாத்தினது, அது ரெண்டையும் கண்டா எனக்கு வேண்டாம் எண்டு முதலே சொல்லியிருந்தனான். உந்த ஷீட்டை முதலாளியிட்ட கேட்டு வாங்கி நீங்களே ஒவ்வொரு எழுத்தா வாசியுங்கோ, காட்டத் தயங்கினா அந்த இடத்தில எடுக்காதேங்கோ.

அம்பாந்தோட்டையில இறங்கி, கஸ்டம்ஸ் முடிஞ்சு, பதிவு முடிஞ்சு கையில வர மாசங்கள் போட்டுது. அந்த அலைச்சலை எழுத எனக்கு மனமில்லை.

வவுனியாவில இருந்து ஏ9ல நானே ஓடிக்கொண்டு வந்தன். 1400 சிசி டேர்போ, 970 கிலோதான், புளியங்குளம் தாண்டி மூண்டாம் கியரில இருந்து நாலுக்குப் போடேக்க கை தானாப் போச்சுது. 70க்கு மேல போகேல்லை, போகத் தேவையும் இருக்கேல்லை. தருமபுரத்தில கிரவல் தொடங்கிற இடத்தில நிப்பாட்டி, முதலாம் கியர் போட்டு, கிளச்சை மெல்ல மெல்ல விட்டு வீடு மட்டும் வந்தன், அடியில ஒண்டும் தட்டேல்லை. அப்பா படலையடியில நிண்டார். வந்து கதவைத் திறந்து, என்னை இறங்கச் சொல்லிப்போட்டு, தான் ஏறி இருந்து இடது காலால கிளச்சை ஒருக்கா அமத்திப் பாத்தார்.

"மெதுவா இருக்கு" எண்டார். பிறகு திறப்பைக் கேட்டார்.