அது ஆட்டம் இல்லை, முட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் உதவியாளராக இருக்கும் கால்நடை கிளினிக்குக்கு முன்பெல்லாம் வந்தவை தோட்டத்துக் காவல் நாய்கள்தான். பாம்பு கடித்தது, மோட்டார் அடித்தது, எலி மருந்தைத் தின்றது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு ஜனங்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோன பிறகு நாயும் மாறிவிட்டது. இப்போது காத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் மடியிலாவது பொமரேனியன் உட்கார்ந்திருக்கும்.

காவல் நாய்க்கு முடியவில்லை என்றால் பார்த்தாலே தெரியும். காயம் இருக்கும், சாப்பிடாமல் மூலையில் படுத்துவிடும். பொமரேனியனுக்கு நோய் சேட்டையாக வந்து சேர்கிறது. வீட்டார் ரசிப்பார்கள், கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தை என்னிடம் காட்டும்போது அவர்களோடு சேர்ந்து சிரிக்க முடியாது. இந்த வேலையில் எனக்கு ஆகச் சங்கடமானது அதுதான்.

“தங்கச்சி, இவன் டான்ஸ் ஆடுறத பாரேன்” என்று ஓர் ஆன்ட்டி காட்டினார். மொசாயிக் தரையில் ஓடிவரும் நாய் திடீரென்று பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்துகிறது. பிறகு காலை ஓர் உதறு உதறிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. முட்டிச் சில் நழுவுகிறது, அவ்வளவுதான். தொடை எலும்பின் கீழ்முனையில் சில் ஏறி இறங்க ஒரு பள்ளம் உண்டு. சின்ன இன நாய்கள் பலவற்றுக்குப் பிறவியிலேயே கால் அமைப்பு கொஞ்சம் கோணலாகவும் அந்தப் பள்ளம் ஆழமில்லாமலும் இருப்பதால், சில் பெரும்பாலும் உள்பக்கமாக வழுக்கிவிடும். டாக்டர் கையால் அழுத்திப் பார்த்து 1 முதல் 4 வரை தரம் சொல்வார். 1 என்றால் அழுத்தினால்தான் நழுவும், விட்டதும் தானே திரும்பிவிடும். 4 என்றால் சில் நிரந்தரமாக இடம் மாறி நிற்கும், கையால் தள்ளினாலும் வராது. 3, 4 என்றால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான். அதற்கு ஈப்போ நகரத்துக்கு எழுதிக் கொடுப்போம். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு வழுக்குகிற தரையில் பாய் விரிப்பது, சோபாவிலிருந்து குதிக்க விடாதது, எடையைக் குறைப்பது.

எடை என்றதும் பேச்சு சூடாகும். பொமரேனியன் 3 கிலோவை ஒட்டி இருக்க வேண்டிய நாய். எங்களிடம் அதைப்போல் இரண்டு மடங்கில் வரும். “ரொட்டி சானாய் ரெண்டு வாய்தான்மா கொடுப்பேன்” என்பார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பேன். எல்லாருமே ரெண்டு வாய்தான் கொடுக்கிறார்கள்.

அடுத்தது இருமல். வாத்து கத்துகிற மாதிரி சத்தம் வரும். “தொண்டைல எலும்பு மாட்டிக்கிச்சு” என்று சிலர் பதறி ஓடிவருவார்கள். வேறு சிலரோ, விருந்தாளியைக் கண்ட சந்தோஷத்தில் கூப்பிடுகிறது என்பார்கள். மூச்சுக்குழாயை விரித்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் தொய்ந்து, குழாய் தட்டையாகும்போது வரும் சத்தம் அது. பரபரப்பு, வெயில், உடம்புக் கொழுப்பு, கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பது எல்லாம் அதைக் கிளறிவிடும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ராத்திரி முழுக்க எரியும் கொசுவத்தியும் சேர்ந்துகொள்ளும். சாம்பிராணி போடாதீர்கள் என்று ஒரு பாட்டியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பாட்டி, அந்த நேரத்துல மட்டும் அத பின்னால விட்டுருங்க” என்றேன். “சாமி ரூம்ல நாய்க்கு என்ன வேல? அது எப்பவும் பின்னாலதான்” என்றார். சரி, நல்லதாய்ப் போயிற்று. கழுத்துப்பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை வாங்கச் சொல்லி அனுப்பினேன். இது முழுதாகக் குணமாகிற நோய் இல்லை. எடையையும் மருந்தையும் வைத்துச் சமாளிக்கலாம். நாக்கு நீலம் பாரித்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இன்னொன்று, இருமுகிறதே என்று வீட்டிலிருக்கும் பெனடாலை, அதாவது பாராசிட்டமால் மாத்திரையைக், கொடுத்துவிடாதீர்கள். அது நாயின் ஈரலைக் கெடுக்கும்.

நாக்கு ஒரு பக்கமாகத் தொங்குவதையும் அழகு என்கிறார்கள். வாயைத் திறந்தால் அந்தப் பக்கத்துப் பற்கள் சில போயிருக்கும், நாற்றம் முகத்தில் அடிக்கும். பெரிய நாய்க்கும் 42 பல், இந்தக் கைப்பிடித் தலைக்கும் 42 பல். இடம் எங்கே இருக்கிறது? 6, 7 மாதத்தில் விழ வேண்டிய பால்பற்கள் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நிற்கும். இடுக்கில் சோறு சேரும், ஈறு அழுகும்.

மொட்டை விஷயத்தை நினைத்தால் எனக்குக் கோபமே வரும். நம் ஊர் வெயிலுக்குப் பாவம் என்று அடியோடு மழித்துவிடுவார்கள். சிங்கக்குட்டி என்று பிள்ளைகளும் கைதட்டும். பொமரேனியனின் முடி இரட்டை அடுக்கு. மழித்த பிறகு சில நாய்களுக்கு மாதக்கணக்கில் வளராது, சிலவற்றுக்குப் பழையபடி வளரவே வளராது. கத்தரிப்பதை விட்டுச் சீப்பால் வாரிவிட்டு மின்விசிறிக்குக் கீழே போட்டாலே போதும். வாரும்போது உண்ணியும் கண்ணில் படும். அந்த முடிக்குள் உண்ணி ஒளிந்தால் காய்ச்சல் வந்து ஈறு வெளுத்த பிறகுதான் தெரிகிறது.

குட்டிகளுக்கு வேறு ஆபத்து. ஒரு வேளை சாப்பாடு தவறினாலே இரத்தச் சர்க்கரை இறங்கி நடுங்கும், தள்ளாடும், வலிப்பும் வரலாம். அந்தத் தள்ளாட்டத்தையும் ‘தூக்கக் கலக்கம்’ என்று கொஞ்சுவார்கள். ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே கிளம்பி வர வேண்டும். சின்னக் குட்டிகளை ‘டீகப்’ என்று தனி இனமாகச் சொல்லி விலை ஏற்றி விற்கிறார்கள். அப்படி ஓர் இனமே கிடையாது.

டான்ஸ் ஆன்ட்டி போன மாதம் மறுபடி வந்தார், கணவரோடு. நாய்க்குச் சோடி சேர்க்க வேண்டுமாம். முட்டித் தரம் 2, இது பரம்பரையாகப் போகும், குட்டிக்கும் வரலாம், கருத்தடை செய்துவிடுங்கள், அதே மயக்கத்தில் நின்றுபோன பால்பல்லையும் பிடுங்கிவிடலாம் என்றார் டாக்டர். அங்கிள் கொஞ்சம் நெளிந்தார். “குட்டிக்கு முன்பணம் வாங்கிட்டேன் டாக்டர்” என்றார். தேதி வாங்காமலே போய்விட்டார்கள். முன்பணம் கொடுத்தவர் யாரென்று ஆன்ட்டியிடம் மெதுவாகக் கேட்டு வைத்திருக்கிறேன். எங்கள் தாமான்தான். பார்த்தால் சொல்லிவிடுவேன்.